நிறம் நிக்குது

எங்கள் வீட்டுச் சாக்கடையில் தண்ணீர் இளஞ்சிவப்பாகத்தான் ஓடும். ஊரில் எல்லார் வீட்டுச் சாக்கடையும் அப்படித்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து கை கழுவுவார், சோப்பு நுரை ரோஜா நிறத்தில் சுழன்றுகொண்டு போகும். அவருடைய கைக்குட்டையில், சட்டைப்பையின் ஓரத்தில், செல்போன் உறையில், எனக்குத் தரும் பஸ் காசில்கூட அந்த நிறம் இருக்கும். வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் ஒருமுறை என் நோட்டைப் பார்த்து ரத்தமா என்று கேட்டாள். குங்குமம் என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

மலையாளம் பேசும் ஊரில், ஆரியசாலை என்ற கடைத்தெருவில் எங்கள் கடை. குங்குமம், திருநீறு, சாம்பிராணி, கற்பூரம் எல்லாம் மொத்த வியாபாரம். நெடுமங்காட்டிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் சில்லறைக் கடைக்காரர்கள் வந்து எடுத்துப் போவார்கள். குங்குமம் சாக்கில் வரும். எங்கே செய்கிறார்கள் என்று கேட்டால் அப்பா கையை வடக்கே நீட்டுவார். கடைக்குப் பின்னால் சந்தில் திரும்பி மாடி ஏறினால் வீடு.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு வழக்கம் இருந்தது. புதுச் சாக்கு பிரித்ததும் முதல் சிட்டிகையை ஒரு காகிதத்தில் மடித்து அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். சாமி படத்துக்கு ஒரு பொட்டு, அம்மாவுக்கு ஒரு பொட்டு. பார்ப்பவர்களுக்கு அது பக்தி. அம்மா அந்தப் பொட்டோடு அடுப்படியில் நிற்பாள், வியர்ப்பாள், மொட்டைமாடி வெயிலில் துணி காயப்போடுவாள். சாயங்காலம் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் நெற்றியைப் பார்ப்பார். வழிந்திருக்கிறதா, மங்கியிருக்கிறதா, விளிம்பு கலைந்திருக்கிறதா? எல்லாம் சரியென்றால் "நிறம் நிக்குது" என்பார். மறுநாள் அந்தச் சரக்கு கடையின் முன்வரிசைக்கு வரும். அம்மா எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்டு நான் அதிகம் கேட்டதில்லை. ஆனால் தினமும் அவள் முகத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்த கணவர் எங்கள் சந்தில் வேறு யாரும் இல்லை.

சில்லறைக்காரர்கள் சரக்கைத் தயங்கிப் பார்த்தால் அப்பா ஒரே ஒரு வாசகம் சொல்லுவார். "என்றெ வீட்டுக்காரி தொடுன்னதும் இது தன்னே." என் மனைவி வைத்துக்கொள்வதும் இதுவேதான் என்று அர்த்தம். மலையாளத்தில் பொட்டை வைப்பதில்லை, தொடுவார்கள். எங்கள் வீட்டுத் தமிழிலும் அந்தத் 'தொடு' ஒட்டிக்கொண்டுவிட்டது. பொட்டு தொட்டியா, பொட்டு தொடு என்றுதான் நாங்களும் பேசுவோம். அப்பாவின் வாசகம் பொய் இல்லை. அதுதான் அதில் கொடுமை. அவர் விற்றதை அவர் மனைவி தொட்டாள். ஒரு வியாபாரி அதைவிட நேர்மையாக என்ன சொல்லிவிட முடியும்?

பள்ளியில் அமிலம், காரம் படித்த வருடம் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், அதன்மேல் எலுமிச்சை பிழிந்தால் திரும்ப மஞ்சளாகும். மஞ்சளில் இருக்கும் ஒரே ஒரு பொருள், சுற்றியிருப்பது காரமா புளிப்பா என்று பார்த்து வேஷம் மாற்றுகிறது. மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் குங்குமமே செய்தார்கள் என்று எங்கோ படித்ததும், எலுமிச்சம்பழத்தோடு கடைக்கு ஓடினேன். ஒரு சிட்டிகைக் குங்குமத்தில் பிழிந்தேன். அது அசையவில்லை. பிழியப் பிழிய இன்னும் பளபளவென்று சிவந்தது. "அப்பா, இதுல மஞ்சளே இல்ல" என்று கூவினேன். எதிரே ஒரு கடைக்காரர் நின்றிருந்தார். அப்பா அவரிடம் சிரித்து, பிள்ளைகள் படிக்கிற காலத்தில் எல்லாவற்றையும் பிழிந்து பார்க்கும் என்று மலையாளத்தில் சமாளித்தார்.

வீட்டுக்கு வந்து திட்டவில்லை. நிதானமாக விளக்கினார்.

"மஞ்சளும் சுண்ணாம்புமாப் போட்டா கறுஞ்சேப்பாத்தான் வரும், மோளே. ஒரு மழைக்காலம் கிடந்தாக் காப்பித்தூள். அத எவன் வாங்குவான்?"

சாக்கின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி அச்சடித்திருக்கும். பூஜைக்கு மட்டும். அதாவது மனிதத் தோலுக்கு அல்ல. சாமிக்கு அரிக்காது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த வரி, சாக்கைத் தைக்கும்போது மடிப்புக்குள் போய்விடும்.

கல்லூரியில் வேதியியல் எடுத்தேன். வேறு எதை எடுத்திருக்க முடியும்? ஒரு நாள் ஆய்வகத்தில் எங்கள் கடைக் குங்குமத்தைச் சாராயத்தில் கரைத்து, வடிதாள் கீற்றின் அடியில் ஒரு புள்ளி வைத்து நிறுத்தினேன். தாள் ஈரத்தை மேலே இழுக்க இழுக்க, ஒரே சிவப்பு என்று நான் நினைத்தது இரண்டாகப் பிரிந்தது. இளஞ்சிவப்பு ஒன்று முன்னால் ஓடியது. ஆரஞ்சு ஒன்று சோம்பலாகப் பின்னால் வந்தது. இரண்டும் ஏறிப்போன பிறகு அடியில் மிஞ்சியது வெறும் மாவு. நான் மேசையைச் சுற்றி ஆடினேன் என்று தோழிகள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

முன்னால் ஓடியது ரோடமின். பட்டுக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம். பின்னால் வந்தது ஆஸோ குடும்பத்துச் சாயம். இரண்டு நைட்ரஜன்கள் கைகோத்து நிற்கும், இருபுறமும் வளையங்கள் தொங்கும். அந்தக் கைகோப்புதான் நிறம். அது அறுந்தால் நிறம் போகும், ஆனால் துண்டுகள் எங்கும் போவதில்லை. அவற்றில் சில உடம்புக்குள் நல்ல பெயர் எடுத்தவை அல்ல. இந்தக் குடும்பத்தில் சிலவற்றைச் சோற்றிலும் சோப்பிலும் சேர்க்கக்கூடாது என்று சட்டம் உண்டு. நெற்றி சோறுமில்லை, சோப்புமில்லை. அது எந்தச் சட்டத்தின் வாசலிலும் நிற்காமல் நழுவிப் போகிற இடம்.

கடையின் கடைசி அலமாரியில் கதகளிக்காரர்களுக்கென்று மனையோலைக் கட்டி வைத்திருப்பார் அப்பா. மஞ்சள் பாறை. ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. தமிழில் அதற்கு அரிதாரம் என்று பெயர். அரிதாரம் பூசினான் என்று நாடகக்காரரைப் பற்றி எழுதும்போது நாம் ஒரு பாஷாணத்தின் பெயரைத்தான் எழுதுகிறோம். அழகு என்றால் கொஞ்சம் நஞ்சு என்று மொழிக்கே தெரிந்திருக்கிறது. இதை நான் ஒரு விருந்தில் உற்சாகமாகச் சொன்னபோது ஒரு மாமா, இந்தப் பிள்ளையைக் கட்டுகிறவன் பாவம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் நெற்றியைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

அது அப்போதே தொடங்கிவிட்டிருந்தது. முதலில் அரிப்பு. சீப்பின் முனையால் பொட்டைச் சுற்றிச் சொறிவாள், பொட்டு கலையாமல். பிறகு அரிப்பு அடங்கி, பொட்டின் விளிம்புக்கு வெளியே ஒரு கறை தெரிந்தது. கறுப்பும் இல்லை, நீலமும் இல்லை, பழைய சிலேட்டின் நிறம். அம்மா அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். பொட்டைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். கறை மறைந்தது. சில மாதத்தில் கறை மறுபடி எட்டிப் பார்த்தது. பொட்டு இன்னும் கொஞ்சம் பெரிதானது. பட்டாணி அளவில் இருந்தது புளியங்கொட்டை அளவாகி, பிறகு பழைய எட்டணா அளவுக்கு வந்தது. சொந்தக்காரர்கள் அவளைப் பார்த்து மகாலட்சுமி இறங்கி வந்த மாதிரி இருக்கிறது என்றார்கள். குங்குமக் கடைக்காரர் வீட்டில் குங்குமத்துக்கு என்ன பஞ்சம் என்றார்கள். அப்பா அதைக் கேட்டு மகிழ்ந்தார். எல்லாரும் வியாதியைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

கடையில் கள்ள நோட்டு பார்க்க ஒரு சின்ன ஊதா விளக்கு உண்டு. ரோடமின் அந்த வெளிச்சத்தில் ஒளிரும் என்று படித்ததும் அதை வீட்டுக்கு எடுத்து வந்தேன். நடுப்பகலில் ஜன்னல்களைச் சாத்தி, போர்வை தொங்கவிட்டு இருட்டாக்கினேன். குங்குமச்சிமிழ் நெருப்புத் துண்டுபோல் எரிந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. விளக்கைக் கொண்டு வீட்டைச் சுற்றினேன். தலையணை உறை எரிந்தது. சுவிட்சு எரிந்தது. உப்பு ஜாடியின் மூடி, டிவி ரிமோட், அப்பாவின் பனியன், எல்லாவற்றிலும் ஆரஞ்சுப் பொறிகள். அம்மாவை முகம் நன்றாகக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். பயத்தமாவு போட்டுக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். விளக்கை அவள் நெற்றிக்கு நேரே பிடித்தேன்.

பொட்டு அங்கேயே இருந்தது. வெறும் தோலில், வட்டமாக, மங்கலாக எரிந்துகொண்டு. அம்மாவால் அதைப் பார்க்க முடியாது. என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னட்டி, பேயைக் கண்ட மாதிரி?"

விளக்கை அணைத்தேன். அந்த வாரமே அவளைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

மருத்துவர் இளம் பெண். பொறுமையாகக் கேட்டார். ஸ்டிக்கர் பொட்டு பழக்கம் உண்டா என்றார். எங்கள் வீட்டில் ஸ்டிக்கர் பொட்டு எதிரிக் கட்சி, உள்ளே விடமாட்டோம் என்று நான் சொன்னதும் சிரித்தார். அதன் பசையிலும் சிலருக்கு ஒவ்வாத ஒரு பொருள் இருக்கும், அது தோலின் நிறத்தை அழித்து வெள்ளையாக்கும், இதுவோ கறுக்க வைப்பது என்றார். ஒன்று வெளுக்கும், ஒன்று கறுக்கும், பெண்கள் எதையாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. கடைக் குங்குமத்தையும் வேறு சில பொருள்களையும் அம்மாவின் முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளாக ஒட்டி அனுப்பினார். இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போய் ஒட்டைப் பிரித்தபோது மற்ற இடமெல்லாம் சும்மா இருக்க, குங்குமம் இருந்த இடம் மட்டும் தடித்துக் கொப்பளித்திருந்தது.

உடம்பு ஒரு பொருளைப் பகை என்று ஒருமுறை முடிவுகட்டிவிட்டால் பிறகு மறப்பதில்லை. சிலருக்கு அந்தப் பகை வீங்கிச் சிவந்து அடங்கும். அம்மா மாதிரிச் சிலருக்கு அதிகம் சத்தம் போடாமல் தோலுக்கு நிறம் தரும் மெலனினை மேல்தோலிலிருந்து கீழே கொட்டிவிடும். கீழே விழுந்தது லேசில் வெளியே வராது. சாயத்தோடு சண்டைபோடப் போய்த் தோல் தானே ஒரு சாயம் போட்டுக்கொள்கிறது. எந்தத் தொழிற்சாலைச் சாயமும் அதற்கு ஈடில்லை. கழுவினாலும் போகாது, வெயிலிலும் வெளுக்காது. நிறம் நிற்கும்.

இதையெல்லாம் மருத்துவர் என்னிடம் சொல்லிவிட்டு, அம்மாவின் பக்கம் திரும்பி, அவள் கையைப் பிடித்துச் சொன்னார்.

"அம்மே, இனி ஈ குங்குமம் தொடருது. கேட்டோ?"

அம்மா தலையாட்டினாள். "கேட்டு, டாக்டரே" என்று, கேட்டுக்கொண்டேன் என்ற பொருளில், மலையாளத்திலேயே பதில் சொன்னாள்.

தொடருது. மலையாளத்தில் அதற்குத் தொடக்கூடாது என்று பொருள். தமிழ்ப் பேச்சில் அதே எழுத்துகள், அதே ஒலி, ஆனால் பொருள், தொடர்ந்துகொண்டிருக்கிறது என்பது. ஒரு மொழியில் நிறுத்து என்கிறது, இன்னொரு மொழியில் நிற்கவில்லை என்கிறது. ஆட்டோவில் வரும்போது நான் இதைக் கவனிக்கக்கூட இல்லை. எனக்கு இரண்டு மொழியும் ஒரே வாயில் இருக்கின்றன. எதில் கேட்டேன் என்று யோசிக்காமலேதான் கேட்பேன். களிம்பு வாங்கினோம். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் அப்பா வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே நெற்றியைப் பார்த்தார். பிறகு டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

"தொடருதுன்னாங்க" என்றாள் அம்மா.

அப்பா நிமிர்ந்தார்.

"நெத்தியில உள்ளது இன்னும் தொடருதாம். களிம்பு எழுதித் தந்திருக்காங்க."

அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள்தான். ஆனால் நான் பிறப்பதற்கு முன்பே சாலைக் கடைத்தெருவில் மலையாளத்தில் பேரம் பேசி முருங்கைக்காய்க்காரரை அழவைத்தவள். தொலைக்காட்சித் தொடர் பார்ப்பது மலையாளத்தில். அதில் மாமியார் வாய் திறப்பதற்கு முன்பே இவள் மலையாளத்தில் திட்டுவாள். அப்பாவோ இந்த ஊரிலேயே பிறந்து, இந்த மொழியிலேயே விற்றுப் பிழைப்பவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் அவளைத் திருத்தவில்லை.

"தொடருதுன்னா களிம்ப விடாமப் போடு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

நான் குதித்தேன். அப்படிச் சொல்லவில்லை, தொடக்கூடாது என்றுதான் சொன்னார், உனக்குத் தெரியும், நீ 'கேட்டு' என்று பதில் சொன்னாய் என்று கத்தினேன். அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டாள்.

"நீ மலையாளம் ஸ்கூல்ல படிச்சவ. எங் காதுல விழுந்தது தமிழ்தான், ஏட்டி."

மருத்துவர் சீட்டில் இங்கிலீஷில் குங்குமம் வேண்டாம் என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார். அதை அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடி கடையில் இருக்கிறது என்றார்.

இந்தத் தப்பை இந்த ஊரில் எங்கள் ஆட்களால் மட்டும்தான் செய்ய முடியும். நாகர்கோவிலில் மருத்துவர் தமிழில் சொல்லியிருப்பார், தப்பிக்க இடம் இருந்திருக்காது. எங்களுக்கு எப்போதும் இன்னொரு மொழி இருக்கிறது. பிடிக்காத வார்த்தை வந்தால் அந்தப் பக்கம் நகர்ந்து நின்றுகொள்ளலாம். இரண்டு மொழி தெரிவது செல்வம் என்று பள்ளியில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள் நான்.

விடவில்லை. நானே குங்குமம் செய்வதென்று இறங்கினேன். நெற்றி ஆறும் வரை எதுவுமே வேண்டாம் என்பதுதான் மருத்துவம். ஆனால் வெறும் நெற்றி இந்த வீட்டில் நடக்காது என்றால், கெட்டதில் நல்லதையாவது தரலாம் என்று கணக்குப் போட்டேன். பொட்டலத்து மஞ்சள்தூளில் முதலில் ஒரு துளி கழிவறை ஆசிட் விட்டுப் பார்த்தேன். அது கத்தரிப்பூ நிறத்துக்குத் தாவியது. சுத்தமான மஞ்சள் அமிலத்தில் அப்படித் தாவாது, அதில் வேறொரு ஆலைச் சாயம் குடியிருந்தது. நஞ்சுக்கு மாற்றுத் தேடிப் போனால் மாற்றுக்குள்ளும் அதன் தம்பி உட்கார்ந்திருக்கிறான். பிறகு விரலி மஞ்சளாக வாங்கிக் கழுவி, காயவைத்து, நானே இடித்து, சுண்ணாம்புத் தெளிவு விட்டுப் பிசைந்து, மாடியில் நிழலில் உலர்த்தினேன். வந்த நிறம் அப்பா சொன்ன அதே கறுஞ்சிவப்பு. முதலில் என் கை மடிப்பில் பூசி, ஒன்றும் செய்யவில்லை என்று பார்த்துக்கொண்டு அம்மாவிடம் கொடுத்தேன்.

அவள் விரலில் எடுத்து மோந்து பார்த்தாள். மஞ்சள் வாசம் அடிக்கிறது என்று சிரித்தாள். தொட்டுக்கொண்டாள். சில நாள் அதையே தொட்டாள். விளிம்பில் தடிப்பு அடங்கியது. எனக்கு உலகத்தை வென்றுவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு ஒரு கல்யாணம் வந்தது. மண்டபத்தில் அப்பாவின் தங்கை, என் அத்தை, முகமன் விசாரிக்க வந்து அம்மாவின் நெற்றியைப் பார்த்ததும் நின்றாள். சுற்றி நாலு பேர் இருந்தார்கள், அதில் எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு கடைக்காரரின் மனைவியும் இருந்தாள்.

"என்ன மைனி, கடையில சரக்கு தீந்து போச்சா? நெத்தியில காப்பித்தூளத் தொட்டிருக்கிய?"

சிரிப்பு எழுந்தது. அம்மாவும் சிரித்தாள். கடைக்காரர் மனைவி மட்டும் சிரிக்காமல் உற்றுப் பார்த்தாள். அவள் பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கள்ள நோட்டை விளக்கில் பிடித்துப் பார்க்கிற பார்வை. அம்மா கைகழுவும் இடத்துக்குப் போய், பையிலிருந்து பழைய சிமிழை எடுத்துத் திரும்பி வந்தபோது நெற்றியில் எட்டணா அளவுக்கு ரோடமின் ஜொலித்தது.

வீட்டுக்கு வந்து நான் சண்டை போட்டேன். அப்பா கேட்டுக்கொண்டே செய்தித்தாள் படித்தார். அவருக்கும் கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. ஒரு வியாபாரியின் களைப்புதான் இருந்தது. இதை விட்டால் பக்கத்துக் கடைக்காரன் விற்பான், அவன் வீட்டுக்காரி எதைத் தொடுகிறாள் என்றுகூட யாருக்கும் தெரியாது, நானாவது என் வீட்டில் பார்த்துவிட்டு விற்கிறேன் என்றார். அவர் அதை உண்மையாகவே நம்பினார். அம்மாதான் என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நான் வெறும் நெத்தியோட போயி கடைவாசல்ல நின்னா, உங்கப்பா யாருகிட்ட என்னத்தச் சொல்லி விப்பாவ? உன் படிப்பு எதுல வந்துதுன்னு நெனச்சே?"

அவள் சொன்னது சரிதான். என் கல்லூரிக் கட்டணம் இளஞ்சிவப்பு விரல்களால்தான் கட்டப்பட்டது. அந்த வடிதாள் கீற்றும் அதில்தான் வாங்கியது. ஆனாலும் ஒன்று சொல்வேன். பதில் இல்லாத கேள்வி கேட்டதனால் அவள் தோல் ஆறவில்லை.

வேதியியல் முடித்தவளுக்கு இந்த ஊரில் என்ன வேலை கிடைக்குமோ அதுவே கிடைத்தது. நகரத்து ஓரத்தில், கழக்கூட்டம் என்ற இடத்தில், ஒரு மென்பொருள் அலுவலகத்தில் பிறர் எழுதிய நிரலில் பிழை பார்க்கிறேன். பிழை கண்டால் சிவப்புக் கொடி போட வேண்டும். போட்டால் திருத்துகிறார்கள். முதல் மாதம் அது எனக்கு அதிசயமாக இருந்தது. ஹாஸ்டலில் தங்கி, சனிக்கிழமை பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன். ஒவ்வொரு முறையும் அம்மாவின் பொட்டு கொஞ்சம் வளர்ந்திருக்கும். கறை புருவத்துக்கு இறங்கி, மேலே வகிடு வரைக்கும் ஏறியது. கடைசியில் பொட்டால் மூட முடியாத அளவுக்குப் போனது. பிறகு கறை வெடித்து நீர் கசிந்தது. அதற்கு மேல் எந்தக் குங்குமமும் அங்கே ஒட்டாது.

அப்படித்தான் அவள் நிறுத்தினாள். மருத்துவர் சொல்லியோ நான் கத்தியோ நிற்கவில்லை, தொடுவதற்குத் தோல் இல்லாமல் போனபோது நின்றது. முந்தானையை நெற்றிவரை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாள். கடைப் பக்கம் போவதில்லை. யாராவது கேட்டால் தலைவலி என்றாள். மருத்துவர் இந்தமுறை கையைப் பிடிக்கவில்லை. ஆறுவதற்கு வருடங்கள் ஆகலாம், கறை முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது என்று என்னைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார்.

இந்த வருடம் பொங்காலைக்கு முந்தைய சனிக்கிழமை வீட்டில் இருந்தேன். ஆற்றுகால் அம்மனுக்குப் பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கும் பொங்காலை என்றால் எங்கள் சந்தில் நடக்க இடம் இருக்காது. அடுப்புக்குச் செங்கல், மண்பானை, தென்னம்பாளை, எல்லாம் தெருவில். குங்குமம் அந்த வாரம் போகிற மாதிரி வருடத்தில் வேறெப்போதும் போகாது. அப்பா விடியும் முன்பே கடைக்குப் போயிருந்தார். போகும்போது டிவிக்குப் பக்கத்தில் ஒரு காகித மடிப்பை வைத்துவிட்டுப் போயிருந்தார். புதுச் சாக்கின் முதல் சிட்டிகை. யாருக்கு என்று சொல்லவில்லை. வழக்கம், வைத்தார்.

நான் தலை குளித்து ஜன்னலோரம் முடி உலர்த்திக்கொண்டிருந்தேன். அம்மா வந்து நின்றாள். முந்தானைக்குக் கீழே நெற்றியில் களிம்பு பளபளத்தது. இடக்கையில் விரித்த காகிதம். வலக்கையின் மோதிர விரல் நுனியில் சிவப்பு.

"இங்க திரும்பு. சும்மா ஒரு தடவ தொட்டுக்கோ. அப்பாவுக்கு நிறம் பாக்கணும்லா?"

விரல் என் புருவ நடுவை நோக்கி வந்தது. பாசத்தோடுதான் வந்தது. சின்ன வயதில் பள்ளிக்கு அனுப்பும்போது வந்த அதே விரல்.

"தொடருது" என்றேன்.

விரல் அப்படியே நின்றது. என்னது என்று அவள் கேட்கவில்லை. என் காதில் விழுந்தது தமிழ் என்று சொல்லவில்லை. ஒரு நொடிகூடத் தடுமாறாமல், சரியான மொழியில், சரியான அர்த்தத்தில் அவளுக்குப் புரிந்தது. என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், ஒரு கோடு விழுந்தது. காகிதத்தைப் பழையபடி நாலாக மடித்தாள்.

போன் அடித்தது. அப்பா. பின்னால் கடையின் இரைச்சல் கேட்டது. சரக்கை முன்வரிசைக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டிருப்பார்.

அம்மா என் வெறும் நெற்றியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"நிறம் நிக்குது."